தலைவரின் கழுத்தும் கங்காவின் கழுத்தும்

பத்தாங்கட்டைத் தோட்டத்தில் ஒருவன் தன் மனைவிமேல் புகார் கொடுக்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை பூசை முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். பூசை முடிந்து, சுண்டல் தீர்ந்து, பூசாரி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புக்கிட் பெலிம்பிங் பக்கம் போன பிறகு, ஆலய மண்டபத்தில் நீளமான பிளாஸ்டிக் மேசை ஒன்று போடப்படும். அதன்மேல் மஞ்சள் துணி விரிப்பார்கள். துணிமேல் மைக் வைப்பார்கள். கூட்டத்தில் இருபது பேர் தேறமாட்டார்கள், ஆனாலும் மைக் வேண்டும். ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்தை மைக் இல்லாமல் விசாரிப்பது அந்தக் குடும்பத்துக்கே அவமரியாதை என்பது குழுவின் நிலைப்பாடு. தலைவர் பேசினால், ஜெராம் சாலையில் போகிற லோரிக்காரனுக்கும் யார் வீட்டில் என்ன சண்டை என்று தெரிந்துவிடும்.

குழுவின் முழுப்பெயர் 'பத்தாங்கட்டைத் தோட்ட ஆலய நிர்வாகத்தின் குடும்ப நல்லிணக்க மற்றும் ஒழுக்க மேம்பாட்டுக் குழு'. செயலாளர் திவாகரன் இதை ஒரே மூச்சில் சொல்லப் பழகியிருக்கிறார். நமக்கு அந்த மூச்சு கிடையாது. குழு என்றே சொல்லிக்கொள்வோம்.

தலைவர் நல்லசாமி தோட்டத்து ஆபீசில் ஆள் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்ட பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. புகார் கொடுத்தவன், கொடுக்கப்பட்டவள் இருவரையும் மேசைக்கு முன்னால் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். "வந்தேங்க" என்று சொல்ல வேண்டும். மூக்குக்கு நேராக நின்றாலும் சொல்ல வேண்டும். சொல்லாதவர்கள் வராதவர்களாகக் கருதப்படுவார்கள்.

சசிகுமார் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். கெட்டவன் இல்லை. இதை அவனுக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் வீட்டிலேயே கத்திவிட்டுத் தூங்கியிருப்பான், விஷயம் மைக் வரைக்கும் போயிருக்காது. நல்லவன் என்பதால் ஊர்ப் பெரியவர்களிடம் நியாயம் கேட்கப் போனான். மனைவி கங்கா குழந்தை பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது.

"சசிகுமார்."

"வந்தேங்க."

"கங்கா."

"இங்கதான நிக்கிறேன்."

"வந்தேங்கன்னு சொல்லும்மா. நடைமுறைன்னு ஒன்னு இருக்குல்ல."

கங்கா சொன்னாள். சசிகுமார் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒப்பித்தான். "எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறா தலைவரே. பாப்பா தூங்குனாலும் இவ தூங்க மாட்டேங்கிறா. கையெல்லாம் நடுங்குது. நல்லாதான் சாப்புடுறா, ஆனா எளச்சிக்கிட்டே போறா. பாசார்ல பாக்குறவங்கல்லாம் நா சோறு போடலயான்னு கேக்குறாங்க. நேத்து சாம்பார்ல உப்பு இல்லன்னேன். கரண்டிய எறிஞ்சிட்டா."

திவாகரன் குறிப்பெடுத்தார். 'கரண்டி' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டார்.

"நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு சொன்னேன்," என்றாள் கங்கா. "கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். அத ஏன் நீங்க சொல்லல?"

"கிளினிக்கு நோய்க்கும்மா," என்றார் தலைவர். "இது குணம். குணத்துக்கு ஊசி கெடையாது. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

மகளிர் பிரிவுத் தலைவி இராஜம்மாவும் ஆமோதித்தார். "நானும் நாலு பெத்தவதான்," என்று தொடங்கினார். இராஜம்மா எந்தப் பேச்சையும் இப்படித்தான் தொடங்குவார், ஆலயத்துக்குக் கூரை மாற்றுவது பற்றிய பேச்சாக இருந்தாலும்.

கோபம் தணியும்வரை கங்கா வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் சந்நிதியில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும், வீட்டில் மோர் அதிகம் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பானது. புகார் கொடுத்தவன் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினால்தான் வழக்கு முறைப்படி முடியும். பொன்னாடையைத் திவாகரனே பையில் வைத்திருப்பார். போர்த்திப் படம் எடுத்தவுடன் திரும்பி வாங்கி மடித்து வைத்துக்கொள்வார். சசிகுமாரும் போர்த்தினான். படத்தில் கங்காவும் இருக்கிறாள். கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாக.

அவள் போய் உட்கார்ந்தாள். வாய் திறக்கவில்லை. மோரும் குடித்தாள். அதிசயம் பாருங்கள், சில வாரங்களில் கோபம் போய்விட்டது. கை நடுக்கம் நின்றது. கரண்டி கரண்டியாகவே இருந்தது. 'குழுவின் அணுகுமுறைக்குக் கிடைத்த மகத்தான வெற்றி' என்று அறிக்கையில் ஏறியது. வடக்கே கூலிம் வரைக்கும் போய் நம் அணுகுமுறையை விளக்கலாம் என்று திவாகரன் யோசனை சொன்னார். கோபத்தோடு சேர்ந்து அவளிடமிருந்து வேறு என்னென்ன போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. சசிகுமாரும் கேட்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது, அவனுக்கு அது பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தலைவருக்குக் கழுத்து வலித்தது.

ஒரு வாரம் சளியும் காய்ச்சலுமாகக் கிடந்து எழுந்தவருக்கு, முன்கழுத்தில் கை வைக்க முடியவில்லை. வலி தாடைக்குப் போனது, காதுக்கு ஏறியது. எச்சில் விழுங்கினால் கண்ணில் தண்ணீர் வந்தது. மகன் அவரைக் கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். தைராய்டு சுரப்பியில் அழற்சி என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள்.

செய்தி தோட்டத்தை உலுக்கியது. ஆலய வாசலில் பெரிய பதாகை கட்டினார்கள். அதில் தலைவரின் படம், கழுத்து வரைக்கும் மட்டும். 'எங்கள் கழுத்தே, நலம்பெற்று வருக' என்று எழுதியிருந்தது. சிறப்புப் பூசை நடந்தது. மைலோ டின்களும் ஆரஞ்சுப் பழமும் அவர் வீட்டு முன்னறையில் கூரையைத் தொட்டன. போகிறவர்கள் ஒவ்வொருவரும் கழுத்தைத் தொட்டுப் பார்க்க விரும்பினார்கள், தொட்டார்கள். தலைவர் ஒவ்வொரு முறையும் கத்தினார். "பாத்தீங்களா, எப்படி வலிக்குது அவருக்கு," என்று மெச்சிக்கொண்டு திரும்பினார்கள். சசிகுமாரும் ஒரு தாம்பாளத்தில் பழத்தோடு போய், தொட்டு, கத்தலைக் கேட்டுவிட்டு வந்தான்.

அந்த வாரங்களில் தலைவரின் கை நடுங்கியது. நெஞ்சு படபடத்தது. இரவெல்லாம் விழித்திருந்து குழு உறுப்பினர்களுக்குக் குரல்செய்தி அனுப்பினார். ஆளும் இளைத்தார். ஒரு கூட்டத்தில் மைக் கீச்சென்றதற்காக அதைப் பிடுங்கி ஒலிபெருக்கிக்காரன்மேல் எறிந்தார். 'தலைவர் தம் அதிருப்தியை உறுதியுடன் வெளிப்படுத்தினார்' என்று திவாகரன் எழுதினார். தலைவருக்கு இப்போதுதான் உண்மையான தலைமைப் பண்பு வந்திருப்பதாகப் பொருளாளர் சேது பாராட்டினார். மோர் பற்றி யாரும் பேசவில்லை.

இதற்கிடையில் கங்கா தூங்க ஆரம்பித்தாள்.

குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே தூங்கினாள். அரிசியை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கினாள். எழுந்தால் அடி எடுத்து வைக்க நேரம் ஆனது. முகம் ஊதியது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. நண்பகல் வெயிலில் கோலசிலாங்கூரே வேர்த்து வழியும்போது, இவள் சசிகுமாரின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு குளிர்கிறது என்றாள். கூப்பிட்டால், கேட்ட கேள்வி அவளுக்குள் போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் அவன் பசியாறி முடித்திருப்பான். "ஒடம்பு என்னமோ மாரி இருக்குங்க," என்றாள் ஒருநாள். "கிளினிக்குப் போயிட்டு வருவமா?"

சசிகுமார் சரி என்றான். அன்றைக்கு லோரியில் டயர் வெடித்தது. மறுநாள் ஆலையில் நீண்ட வரிசை. அதற்கு அடுத்து வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குப் போக வேண்டிய இடம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அங்கே போனமுறை வேலை செய்த வைத்தியம் இருந்தது. அடுப்பில் கருகிய சோற்றைச் சுரண்டிக்கொண்டிருந்த எரிச்சலில் அவன் அவளை அங்கே கூட்டிப் போனான்.

"சோம்பேறித்தனம்," என்றார் தலைவர், புகாரைக் கேட்டு முடிப்பதற்குள்.

"கோவம் போனா சோம்பல் வரும்," என்று பொருளாளர் விளக்கினார். "குணம் எங்கயும் ஓடிறாது. எடம் மாறும்."

"எனக்கு ரெண்டாவது பொறந்தப்போ இதே மாரிதான் இருந்துச்சு," என்றார் இராஜம்மா. "நானும் நாலு பெத்தவதான். படுத்தா எந்திரிக்க முடியாது. செத்துப் போயிட்டா தேவலன்னு இருக்கும். ஒரு வருஷம் அப்படி இருந்தேன். யாருகிட்டயாவது வாயத் தொறந்தேனா? நல்ல குடும்பத்துப் பொம்பளன்னா அப்படித்தான் இருக்கணும்." பேசி முடித்த பிறகும் மைக்கைக் கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றார். பிறகு திவாகரன் வாங்கிக்கொண்டார்.

ஒரு மண்டலம், விடியற்காலையில் கங்கா ஆலய வளாகத்தைக் கூட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. உழைப்பு சோம்பலை விரட்டும். தீர்ப்பைச் சொல்லி முடித்த கையோடு தலைவர் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டார். அவருக்கும் இப்போது தூக்கம் அதிகமாகிவிட்டிருந்தது, தோளில் கம்பளிச் சால்வை கிடந்தது. எல்லாரும் சத்தம் போடாமல் எழுந்து போனார்கள். 'தலைவர் தியானத்தில் ஆழ்ந்ததால் கூட்டம் நிறைவுற்றது' என்று குறிப்பு சொல்கிறது. பொன்னாடையை சசிகுமார் தூங்குகிறவர்மேல் போர்த்தினான். படம் அழகாக வந்தது.

தினமும் காலையில் அவனே அவளைத் தன் காரில் கொண்டுபோய் இறக்கினான். அவனுடைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் கூட்டினாள். நான்கு இழுப்பு இழுத்துவிட்டுத் துடைப்பத்தில் சாய்ந்து நிற்பாள். குழந்தை அவன் மடியில் இருக்கும். முதலில் சில நாள் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பார்க்க முடியாமல் கைப்பேசியை எடுத்துக்கொண்டான். உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் தீர்ப்பு தீர்ப்புதானே என்று நினைத்தான். இந்த நினைப்பை வைத்துத்தான் குழு இத்தனை ஆண்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு காலையில் துடைப்பச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகிவிட்டதை அவன் தாமதமாகக் கவனித்தான். பின்னால் போய்ப் பார்த்தால், கால் கழுவும் குழாயடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஈரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், அது அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"எந்திரி கங்கா."

"முடியலங்க," என்றாள். குரல் கரகரவென்று, யாரோ ஆண்பிள்ளையின் குரல் போல வந்தது. "இன்னும் அந்தப் பக்கம் கூட்டல. கோவிச்சுக்காதீங்க."

அவன் அவள் கையைப் பிடித்தான். கை ஜில்லென்று இருந்தது. 'கோவிச்சுக்காதீங்க' என்று அவள் சொன்னது அவனை அறைந்துவிட்டது. கரண்டியை எறிந்தவள் இப்படிக் கேட்கிறாளே என்று இருந்தது. அன்றைக்கு லோரியும் இல்லை, ஆலையும் இல்லை. குழந்தையையும் அவளையும் அந்தக் காடியிலேயே ஏற்றிக்கொண்டு நேராக அரசாங்கக் கிளினிக்குக்குப் போனான்.

டாக்டர் அஃபிஃபா சின்ன வயசு. தாப்பாவில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் பெண். கங்காவின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "வலிக்குதா அக்கா?" என்றார். வலிக்கவில்லை என்றாள் கங்கா. ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த நாளில் டாக்டர் இருவரையும் உட்காரவைத்து ஒரு வெள்ளைத்தாளில் பட்டாம்பூச்சி மாதிரி எதையோ வரைந்தார்.

"இதுதான் தைராய்டு. கழுத்துல முன்னாடி இருக்கும். கொழந்த பொறந்த பெறகு சில பேருக்கு உடம்போட சொந்த எதிர்ப்புச் சக்தியே இதத் தாக்கும். வீங்கும், வலிக்காது. மொதல்ல, உள்ள சேத்து வெச்சிருந்த ஹார்மோன் எல்லாம் மொத்தமா ரத்தத்துல கொட்டிரும். அப்ப படபடப்பு, நடுக்கம், தூக்கம் வராது, கோவம் வரும், எளப்பாங்க. கொட்டித் தீந்த பெறகு ஒன்னும் மிச்சம் இருக்காது. அப்ப அப்படியே உல்டா. சோர்வு, குளிரு, தூக்கம், முடி கொட்டும், மனசு இருண்டு போயிரும். அக்கா ரெண்டாவது கட்டத்துல இருக்காங்க. மாத்திரை தரேன். பெரும்பாலும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துல சரியாயிரும். சில பேருக்கு நெலச்சிரும், அதனால விடாம செக் பண்ணணும்."

சசிகுமார் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க தலைவருக்கும் தைராய்டுல அழற்சின்னாங்க டாக்டர். ஆனா அவருக்கு வலிச்சுச்சு."

"அது வேற வகை. சளி, காய்ச்சலுக்கு அப்புறம் வரும். பயங்கரமா வலிக்கும். ஆனா அவருக்கும் இதே வரிசைதான். மொதல்ல படபடப்பு, கோவம். அப்புறம் தூக்கம், சோர்வு. இருந்திருக்குமே?"

 தலைவர் எறிந்த மைக்கும் அவருடைய தியானமும் சசிகுமாரின் கண்முன் வந்துபோயின.

"மொதல் கட்டத்துலயே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது," என்றார் டாக்டர். "கிளினிக் வரணும்னு நீங்க கேக்கலியா அக்கா?"

கங்கா மெதுவாகத்தான் பதில் சொன்னாள். அவள் அப்போது எல்லாவற்றையும் மெதுவாகத்தான் செய்தாள்.

"கேட்டேன் டாக்டர். வர்ற வழியில கோயில் இருந்துச்சு."

அன்றிலிருந்து வீட்டு வேலையில் பாதி சசிகுமாரின் கைக்கு வந்தது. மாத்திரையை அவனே எடுத்துக் கொடுத்தான், பாத்திரம் கழுவினான், குழந்தையைக் குளிப்பாட்டினான். செய்ததெல்லாம் போதவில்லை. ஊரில் எல்லாருக்கும் அவள் அடங்காப்பிடாரி, அப்புறம் சோம்பேறி. பக்கத்து வீட்டுக்காரி தன் மகளிடம் "கங்கா மாரி படுத்துக் கெடக்காத" என்று சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது. மைக்கில் சொன்னவன் அவன்தான். அதை அவன் வாயாலேயே திரும்பப் பெற வேண்டும் என்று முடிவு செய்தான். அடுத்த வெள்ளிக்கிழமை மேசைக்கு முன்னால் நின்று, புகார்களை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னான்.

குழு அதிர்ந்தது. இதுவரை யாரும் வாபஸ் வாங்கியதில்லை.

"புகாரத் திரும்ப வாங்கிக்கணும்னா அது தப்பான புகாருன்னு ஆயிரும்," என்றார் திவாகரன். "தப்பான புகாருக்கு நாங்க எப்படிச் சரியான தீர்ப்பு குடுத்திருக்க முடியும்? தீர்ப்பு சரி. அப்ப புகாரும் சரி."

"அவளுக்கு நோவுங்க. தலைவருக்கு வந்த அதே தைராய்டு."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் கண் திறந்தார். உடம்பு தேறிக்கொண்டு வந்தவர் அவர்.

"தம்பி, வலின்னா அதுல ஒரு நேர்ம இருக்கு," என்றார். "நீ என் கழுத்தத் தொட்டே, நா கத்துனேன். தோட்டமே கேட்டுச்சு. சாட்சி இருக்கு. ஒம் பொண்டாட்டி கழுத்தத் தொட்டா கத்துறாளா? வலிக்காத நோவ நாங்க எத வெச்சி நம்புறது? கிராணியா இருந்தப்ப எத்தன பேரு வயித்து வலின்னு பெரட்டுக்கு வராம இருந்தானுங்க. கத்துனவனுக்கு லீவு குடுத்தேன். சும்மா படுத்திருந்தவனுக்கு அர நாள் சம்பளத்த வெட்டுனேன். ஒருத்தனும் என்னைய நியாயம் தப்பிட்டான்னு சொன்னதில்ல."

பிறகு குழு பிரச்சினையை அறிவியல்பூர்வமாக அணுகத் தீர்மானித்தது. திவாகரன் கைப்பேசியில் தேடி, தைராய்டு அழற்சியின் வகைகளை மைக்கில் வாசித்தார். ஒவ்வொன்றாக விவாதித்தார்கள்.

வலியுள்ள வகை நோய் என்று உடனே ஏற்கப்பட்டது. தலைவர் கைகூப்பினார். கிருமி புகுந்து சீழ் பிடிக்கும் வகையும், பார்க்கவே பயமாக இருப்பதால், ஏற்கப்பட்டது. சில மருந்துகளால் வருகிற வகை, மருந்து கொடுத்த டாக்டரின் குணக்கேடு என்று முடிவானது. கழுத்து மரம்போல் இறுகிப்போகும் அபூர்வ வகை ஒன்றை வாசித்தபோது, அது மேசைக்குப் பின்னால் பலருக்கு இருப்பதாகப் பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். அது குறிப்பில் ஏறவில்லை.

அடுத்து ஹாஷிமோட்டோ வந்தது. பொருளாளர் சேது எழுந்துவிட்டார்.

"இது என்னா பேரு? ஜப்பான்காரன் பேரா? எங்க தாத்தாவ யுத்தத்துல சயாம் ரயிலுக்குத் தண்டவாளம் போடப் புடிச்சிட்டுப் போனவனுங்க அவனுங்க. அவனுங்க பேரு வெச்ச நோவ இந்த மண்டபத்துல ஒத்துக்க முடியாது."

பத்தாங்கட்டைத் தோட்டத்தில் யாருக்கும் அந்த நோய் வரக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதே நோய்க்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிட்டுவந்த இரண்டு பெண்கள் அன்று மண்டபத்தில் இருந்தார்கள். அவர்களும் கை தூக்கினார்கள்.

கடைசியாகப் பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தைய வகை. அது மகளிர் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டது. இராஜம்மா இந்தமுறை நாலு பெத்த கதையைத் தொடங்கவில்லை. "அதுக்கு மாத்திரை இருக்காமா?" என்று மட்டும் சசிகுமாரிடம் கேட்டார், மைக் இல்லாமல். இருக்கிறது என்றான். "ம்," என்றார். பிறகு மைக்கை வாங்கி, அந்த வகையை மேலும் ஆராய வேண்டும், அதுவரைக்கும் குணம் என்றே கொள்ளலாம் என்றார்.

இந்த விவாதங்களின் பயனாக ஒரு நன்மை விளைந்தது. கங்கா மாத்திரையால் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பதைக் குழு கவனித்தது. ஆண்டுக் கூட்டத்தில் அவளை மேடையேற்றி, 'சீர்திருந்திய குடும்பத் தலைவி' என்று கௌரவிக்க முடிவெடுத்தது. கோலசிலாங்கூரிலிருந்து பிரமுகர் ஒருவர் வருகிறார், குழுவின் பணிக்கு நடமாடும் சான்று ஒன்று தேவைப்பட்டது.

"நா வர மாட்டேன்," என்றாள் கங்கா. அவளுக்குப் பழைய வேகத்தில் பாதி திரும்பியிருந்தது. "நா என்னா திருந்துனேன்? என்னா தப்பு பண்ணேன் திருந்துறதுக்கு?"

"நீ மேடைக்கு வர வேணாம். பின்னாடி உக்காந்துக்க. நா பேசுறேன்," என்றான் சசிகுமார். "மைக்ல சொன்னத மைக்லயே எடுக்கிறேன். ஊரு முன்னாடி. இந்தப் பேரோட நீ இருக்கக் கூடாது."

 சரி என்றாள் அவள்.

ஆண்டுக் கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்தது. பிரமுகர் வந்தார். தலைவர் முற்றும் குணமாகி, கழுத்துப் பட்டன் போட்டு வந்திருந்தார். கழுத்தைத் தாம் வென்ற விதத்தைப் பற்றி அரை மணி பேசினார். குழுவின் சாதனைகளில் கங்காவின் கோபம் முதலிடத்திலும், கங்காவின் சோம்பல் இரண்டாம் இடத்திலும் வாசிக்கப்பட்டன. பெயர் கூப்பிட்டார்கள். "வந்தேங்க" என்று சொல்லிக்கொண்டு சசிகுமார் எழுந்து போய் மைக்கைப் பிடித்தான். மைக் மேசையைப் பார்த்துத்தான் இருக்கும். பேசுகிறவன் தலைவரைப் பார்த்து, மக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேச வேண்டும்.

 அப்படியே நின்று அவன் சொன்னான்.

"எம் பொண்டாட்டி திருந்தல. அவ மேல தப்பே இல்ல, அவளுக்கு நோவு. கிளினிக்குக் கூட்டிட்டுப் போன்னு ரெண்டு தடவ கேட்டா. ரெண்டு தடவயும் நா இங்க கூட்டிட்டு வந்தேன். நிக்க முடியாதவள துடைப்பத்தக் குடுத்துக் கூட்டச் சொன்னீங்க. நா காடியில கொண்டு வந்து விட்டேன். பாத்துக்கிட்டே இருந்தேன். தப்பு என்மேல. இந்த மேசை மேலயும் தப்பு இருக்கு. என்னைய மன்னிச்சிருங்க."

 மேசையை இப்படி யாரும் சொன்னதில்லை.  சொல்லிவிட்டோம் என்று சசிகுமாருக்கு இருந்தது.

தலைவர் எழுந்தார். பிரமுகரைப் பார்த்தார். மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"மேசை மேல தப்பிருக்குன்னு தம்பி சொன்னாரு. உண்ம. மேசை பழசு, ஒரு காலு ஆடுது. இந்தத் தொகுதிக்குப் பொறுப்பா இருக்கிற நம்ம சிறப்பு விருந்தினர் மனசு வெச்சா புது மேசை வந்துரும்." பிரமுகர் தலையசைத்தார், கைதட்டல் எழுந்தது. "அடுத்து, தம்பி தப்ப ஒத்துக்கிட்டாரு. எத்தன பேருக்கு இந்த மனசு வரும்? இந்தக் குழு மட்டும் இல்லன்னா இவருக்கு இவரு தப்பு தெரிஞ்சிருக்குமா? அதனால இவர இந்தச் சபை மன்னிக்குது. ஒத்துக்கிறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கையும் எழுந்தது. தன் தப்பை உணர்ந்தவனே பிறர் தப்பை விசாரிக்கத் தகுந்தவன் என்று திவாகரன் முன்மொழிய, சேது வழிமொழிய, சசிகுமார் குழுவின் புதிய உறுப்பினராக அங்கேயே தேர்ந்தெடுக்கப்பட்டான். அவன் வேண்டாம் என்று சொன்னதை ஒலிபெருக்கி வாங்கவில்லை, அதற்குள் மைக்கை எடுத்துவிட்டிருந்தார்கள். தலைவர் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். படம் எடுத்தார்கள். உறுப்பினர் என்பதால் பொன்னாடையைத் திருப்பிக் கேட்கவில்லை.

காடியில் திரும்பும்போது கங்கா முன்சீட்டில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். வெகுதூரம் வரைக்கும் இரண்டு பக்கமும் செம்பனைதான். அவன்தான் முதலில் பேசினான்.

"ஒம்மேல தப்பில்லன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டேன்."

"கேட்டேன்."

"குழுவுல சேத்துக்கிட்டாங்களே, அத நா கேக்கல. சத்தியமா. நாளைக்கே போயி முடியாதுன்னு சொல்லிருவேன்."

"ம்."

"மன்னிச்சிட்டாங்க கங்கா. அத்தன பேரும் கை தூக்குனாங்க."

"நா தூக்கல," என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிருங்கன்னு நீங்க அந்தக் கெழவன்கிட்ட கேட்டீங்க. அவருக்கு என்னா பண்ணீங்க மன்னிக்கிறதுக்கு? நா உங்க முதுகப் பாத்துக்கிட்டு பின்னால உக்காந்திருந்தேன். திரும்புவீங்கன்னு நெனச்சேன்."

அவன் காடியை ஓரமாக நிறுத்தினான். மைக் இல்லாமல், அவள் முகத்தைப் பார்த்து, "மன்னிச்சிரு கங்கா," என்றான்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. இந்தத் தாமதம் நோயால் வந்ததா, இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. குழந்தையின் தலையைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டாள்.

"கழுத்துல இருக்கிறது ஒரு வருஷத்துல போயிரும்னு டாக்டர் சொன்னாங்க," என்றாள். "மனசுல இருக்கிறதப் பத்தி அவங்ககிட்ட நா கேக்கல. காடிய எடுங்க, பாப்பாவுக்குப் பசிக்கும்."